டேப்பெட் என்று எழுதிய சக்கரம்

நாற்காலியை இந்தப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள் ஐயா. அந்தப் பக்கம் உட்கார்ந்தால் மின்விசிறி இரைச்சலில் நீங்கள் பேசுவது சரியாக விழாது. பழைய விசிறி. எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஊரார் வண்டிக்கெல்லாம் எண்ணெய் விட்டவள், சொந்தத் தலைக்கு மேலே சுற்றுவதை அண்ணாந்து பார்க்கவில்லை. தண்ணீர் வேண்டுமா? அந்தச் சொம்பில் இருப்பது காலையில் பிடித்ததுதான். தைரியமாகக் குடிக்கலாம்.

நேற்று நீங்கள் போலீஸ் தாளில் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். பாலத்து ஏற்றத்தில் வேன் எரிந்தது, இன்ன இடம், இன்ன நேரம், எல்லாம் சரி. அழகாகத்தான் எழுதியிருந்தீர்கள். நடுவில் ஒரு வரி வந்தது. 'என்ஜினில் வந்த சத்தத்தின் காரணத்தைப் பட்டறை நடத்தும் பெண்மணி கண்டறியத் தவறியதால்' என்று. கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். கண் வலிக்கிறது, நாளைக்குப் போடுகிறேன் என்றேன். கண் வலிக்கவில்லை. அந்த வரி தப்பு. அதை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டும். அதற்கு நான் முழுவதையும் சொல்லியாக வேண்டும். பரவாயில்லை, சொல்கிறேன்.

இந்தத் தெருவில் எனக்குக் காதக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரருக்கே தெரியாது. இது அப்பா வைத்த பட்டறை. மற்ற இடங்களில் வண்டியைக் கொண்டுபோய் விட்டால் கழற்றிப் போட்டுவிட்டு அப்புறம்தான் என்ன கோளாறு என்று தேடுவார்கள். இங்கே முதலில் கேட்பது, பிறகுதான் தொடுவது. என்ஜினை ஓடவிட்டு, நீளத் திருப்புளியின் முனையை அதன் மேல் வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். கேட்டு முடித்ததும் சாக்பீஸை எடுத்து முன்சக்கரத்து டயரில் கோளாறு இன்னதென்று எழுதிவிடுவேன். பெல்ட், வால்வு, சைலன்சர் ஓட்டை, எதுவோ அது. எழுதிவிட்டால் அதுதான் தீர்ப்பு. அதற்குமேல் யாரும் வாய் திறப்பதில்லை. எழுதியதை அழித்துவிட்டு வேறொன்று எழுதுவது அப்பா காலத்திலும் கிடையாது, என் காலத்திலும் கிடையாது.

அந்த வேன்காரர் நல்ல மனிதர். தையல் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போய் இறக்குகிறவர். உடம்பும் பெரிது, வாயும் பெரிது. ஒரு காலையில் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே தலையை நீட்டினார்.

"காதக்கா, இவ என்னைத் திட்டிக்கிட்டே வர்றா. ஏறி உக்காந்ததுலருந்து டிக்கு டிக்கு டிக்குன்னு ஒரே புலம்பல்."

"உங்களைச் சுமந்துக்கிட்டுப் போனா யாருதான் புலம்பமாட்டா? இறங்குங்க, அவ மூச்சு விடட்டும்" என்றேன்.

அந்த மாதிரி வேனில் என்ஜின் முன்னால் இருக்காது. முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கி, அதன்கீழ் இருக்கிற மூடியைத் திறந்தால்தான் தெரியும். திறந்தேன். திருப்புளியை வைத்துக் கேட்டேன். என்ஜினின் தலைப்பக்கத்தில், வால்வுகளைத் தட்டித் திறக்கிற டேப்பெட்டில் இடைவெளி கூடிப்போனால் ஒரு சத்தம் வரும். தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இலேசாக இருக்கும். அது வந்தால் பயமில்லை. இன்னொரு சத்தம் உண்டு. அடியில், பிஸ்டனைப் பிடித்துச் சுற்றுகிற ராடின் பேரிங் தேய்ந்தால் வருவது. அது கனமான சத்தம். உள்ளே ஒருவன் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். அது வந்தால் வண்டியை அங்கேயே அணைத்துவிட வேண்டும். இரண்டையும் பிரித்துக் கேட்பதுதான் தொழில்.

நான் டயரில் டேப்பெட் என்று எழுதினேன்.

மேல்மூடியைக் கழற்றி, தகடு விட்டு அளந்து, இடைவெளியைச் சரிசெய்தேன். டேப்பெட்டும் தளர்ந்துதான் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாததை நான் எழுதவில்லை. சத்தம் குறைந்தது. வேன்காரர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். சில நாளில் அதே சத்தத்தோடு திரும்பி வந்தார்.

அன்றைக்கு என் தம்பி வாசலில் நின்றான். அவனும் இதே பட்டறைதான். பின்கட்டில் வயரிங், பேட்டரி வேலையெல்லாம் அவன் பொறுப்பு. அம்மா போனபோது அவன் இடுப்புக் குழந்தை. தூக்கிச் சுமந்தது நான். நாற்பது வயதாகி, கல்யாணமாகி, மீசையில் நரை வந்த பிறகும் என் முன்னால் அவன் உட்கார மாட்டான். அப்படிப்பட்டவன், வேனின் மூடியைத் திறந்து கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா, இது மேல இல்ல. கீழ அடிக்குது. ராடு பேரிங் போயிருச்சு. அடியில ஆயில் நிக்கிற சம்ப்பைக் கழட்டிப் பாத்துருவோம்."

"டயர்ல என்ன எழுதியிருக்கு?"

"எழுதினா என்னக்கா. அழிச்சுட்டு எழுது."

"அழிச்சு எழுதுறது ஸ்லேட்டு. இது டயர்."

இதற்கு எல்லாரும் சிரித்தார்கள். அங்கேயே அவன் நிறுத்தியிருக்கலாம். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் இருந்தார், வேன்காரர் இருந்தார், வண்டி விட வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னிலையில் என் பக்கம் குனிந்து, சின்னப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னான்.

"கோவிச்சுக்காதக்கா. ஒரு தடவ காத டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துருவோம். நானே கூட்டிட்டுப் போறேன்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை ஐயா. அதுதான் எனக்கு உறைத்தது. சிரித்திருந்தால் கேலி என்று விட்டிருப்பேன். வேன்காரர் தன் செருப்பைப் பார்த்தார். பஞ்சர் கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எல்லோரும் இதைப் பற்றி ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள் என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது.

எங்கள் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் காது போய்விட்டது. ஆயுள் முழுவதும் இரைச்சலுக்குள் தலையை விட்டிருந்தவர், வேறென்ன ஆகும். அவரை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தோம். வருகிறவர்கள் மரியாதைக்கு அவரிடம் வண்டியைக் காட்டுவார்கள். அவர் திருப்புளியை வைத்துக் கேட்டு, "ஒண்ணுமில்ல, நல்லா ஓடுது" என்பார். சரிங்க பெரியவரே என்று முதுகைத் தட்டிவிட்டு உள்ளே வந்து என்னிடம் காட்டுவார்கள். அவர் எழுதிய சாக்பீஸ் எழுத்தை நானே ஈரத்துணியால் துடைத்திருக்கிறேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துடைத்திருக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். விசிறி.

ஆமாம். சற்று முன்னால் அழிக்கும் வழக்கம் கிடையாது என்று சொன்னேன். அவர் எழுதியதைக் கணக்கில் சேர்க்கவில்லை. காது போன பிறகு எழுதியது எழுத்தா?

தம்பி அத்தோடு விடவில்லை. பந்தயம் மாதிரி ஒன்று வைத்தான். வண்டியின் மீட்டர் பலகையில் எண்ணெய் ஜாடி மாதிரி ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். சாவியைத் திருப்பினால் எரியும், என்ஜின் ஓடத் தொடங்கினால் அணையும். ஓடும்போது அது எரிந்தால் உள்ளே ஆயில் அழுத்தம் இறங்கிவிட்டது என்று பொருள்.

"பேரிங் தேஞ்சிருந்தா, சூடானதும் அந்த வெளக்கு கண்ணச் சிமிட்டும். நாளைக்குக் கம்பெனிக்குப் போறப்ப நான் முன்சீட்டுல ஏறிக்கறேன். எரிஞ்சா அங்கயே நிறுத்திடுவோம், சம்ப்பைக் கழட்டுறோம். எரியலேன்னா நீ சொன்னதுதான். அப்புறம் நான் வாயே திறக்கல, போதுமா?"

"போதும்" என்றேன்.

நியாயமான பந்தயம்தான். அவன் எப்போதும் நியாயமானவன்.

வேனை அன்றைக்குப் பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போனார் வேன்காரர். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் வண்டிக்கு அடியில் படுத்து, ஆயிலை ஒரு தட்டில் வடித்தேன். வெயில் படுகிற இடத்தில் தட்டை வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். ஆயிலுக்குள் செம்புத் துகள் மின்னியது. பட்டுச் சேலையில் ஜரிகை உதிர்ந்த மாதிரி அழகாக இருந்தது. பேரிங்கிலிருந்து உதிர்வது அது. வேறெங்கிருந்தும் அது வராது. அதைப் பார்த்த பிறகு, பழைய ஆயிலையே திரும்ப ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, திருப்புளியை அடிப்பக்கத்தில் வைத்துக் கேட்டேன். கேட்டது ஐயா. கதவைத் தட்டுகிற சத்தம். தெளிவாகக் கேட்டது.

ஆகவே கண்டறியத் தவறினேன் என்பது பொய். அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

ஆயிலை மறுபடி வடித்து, துகளைத் துடைத்த துணியோடு பின்பக்கம் கொளுத்தினேன். கியர்ப் பெட்டிக்கு ஊற்றுகிற கெட்டி ஆயிலை என்ஜினில் ஊற்றினேன். வேண்டாத வேலை அது, எந்தப் பட்டறைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் தேய்ந்துபோன என்ஜின் வாய்மூடி இருக்கும். இருமுகிற பிள்ளையின் வாயில் தேனைத் தடவுகிற மாதிரி. சத்தம் நன்றாகக் குறைந்தது. வண்டியை அரைமணி ஓடவிட்டுச் சூடாக்கினேன். அப்போது அந்தச் சிவப்பு விளக்கு ஒரு தடவை சிமிட்டியது. பிறகு இன்னொரு தடவை.

விளக்குக்குப் போகிற வயரைப் பிடுங்கினேன். முனையில் டேப் சுற்றினேன். வெறும் கம்பியைத் தொங்க விடுகிற பழக்கம் என்னிடம் கிடையாது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. தம்பி வயரிங்காரன். எந்த வண்டியில் ஏறினாலும் சாவி திருப்பும்போது விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்ப்பான். எரியாவிட்டால் வயர் இல்லை என்று கண்டுபிடித்துவிடுவான். ஆகவே மறுநாள் அவன் வருவதற்கு முன்பே நான் என்ஜினை ஓடவிட்டு வைத்திருந்தேன். வேன்காரரிடமும் சொல்லிவைத்தேன், வழியில் பெண்கள் ஏறும் இடங்களில் அணைக்க வேண்டாம், புது ஆயில், ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று. அவர் மண்டையை ஆட்டினார். நான் சொன்னால் வண்டியைத் தலைகீழாக நிறுத்தக்கூடச் சம்மதிப்பார்.

தம்பி வந்தான். "ஏன்க்கா ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்க?" என்றான்.

"ஆயில் மாத்தினேன். ஓடிப் பழகட்டும்."

சீட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தான். "சத்தம் கொறஞ்சிருக்கே" என்றான். அவன் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. என்னைத் தோற்கடிக்க வேண்டும் என்று அவனுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அதை நான் மறைக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். "வந்து சொல்லு, டேப்பெட்டுதான்னு" என்றேன். "எரியலேன்னா பட்டறைக்கு நடுவுல நின்னு சொல்றேன்க்கா" என்றான். சிரித்தான். வண்டி போயிற்று. முன்சக்கரத்தில் நான் எழுதியது சுற்றிக்கொண்டே போனதைத் தெருமுனை வரை பார்த்தேன்.

பாலத்தில் நடந்தது உங்களுக்கு வேன்காரர் சொல்லித்தான் தெரியும். எனக்கும் அவர் சொல்லித்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கையிரண்டும் கட்டுப்போட்டிருந்தது. என்னைக் கண்டதும் அழுதார். பெரிய உடம்பு குலுங்கினால் கட்டிலே ஆடுகிறது. பாலத்து ஏற்றம் ஏறத் தொடங்கியபோது தம்பி மீட்டர் பலகையைக் குனிந்து பார்த்தானாம். பிறகு சொன்னானாம், "அக்கா சொன்னதுதாண்ணே சரி. நான்தான் தேவையில்லாம வாய விட்டுட்டேன். வீட்டுக்குப் போனதும் கால்ல விழுந்துடறேன்."

இதை எழுதிக்கொண்டீர்களா? அவன் சொன்னபடியே எழுதுங்கள். அக்கா சொன்னதுதான் சரி.

அதற்குப் பிறகு அவன் சீட்டைத் தூக்கியிருக்கிறான். நீங்கள் இதற்குக் காரணம் புரியவில்லை என்றீர்கள். எனக்குப் புரிகிறது. வேன்காரரும் கேட்டிருக்கிறார், அதுதான் விளக்கு எரியவில்லையே, ஏன் திறக்கிறாய் என்று. "எங்க வீட்ல வெளக்க மட்டும் நம்பமாட்டோம்ணே. ஒரு தடவ காதுல கேட்டுக்கறேன்" என்றானாம். உள்ளே கெட்டி ஆயில், சத்தம் அமுங்கிக் கிடக்கிறது. ஆகவே மூடியை முழுக்கத் திறந்து, குனிந்து, திருப்புளியை வைத்துக் காதைக் கொடுத்திருக்கிறான். ஏற்றத்தில் வண்டி திணறுகிற நேரம். ராடு முறிந்து என்ஜின் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. சூடான ஆயில் சைலன்சர் குழாயில் கொட்டியது. மூடி மூடியிருந்தால் தீ அடியிலேயே கொஞ்ச நேரம் நின்றிருக்கும், அவர்கள் இறங்கியிருப்பார்கள். மூடி திறந்திருந்தது. மேலே வந்தது.

வேன்காரரைக் கதவுப் பக்கம் உதைத்துத் தள்ளியவன் அவன்தான் என்றும் அவர் சொன்னார்.

பின்னால் இருந்த பெண்கள் அத்தனை பேரும் பின்கதவு வழியாக இறங்கினார்கள். பின்கதவுத் தாழ்ப்பாள் ரொம்ப நாளாக இறுகிக் கிடந்தது. அதைச் சரிசெய்து கொடுத்தவள் நான். காசுகூட வாங்கவில்லை. அதை உங்கள் தாளில் எங்கேயும் காணோம். குற்றம் எழுதுகிறவர்கள் அதையும் எழுத வேண்டாமா?

நான் அவனை மூடியைத் திறக்கச் சொல்லவில்லை ஐயா. பந்தயம் விளக்கோடு முடிந்துவிட்டது. அவன் தோற்றதை அவனே ஒப்புக்கொண்டாயிற்று. அப்புறம் எதற்குக் காது?

அவன் பெண்டாட்டி காரியம் முடிந்த மறுநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கடைசியா உங்களைப் பத்தித்தான் பேசினாராம் அண்ணி" என்றாள். ஆமாம்மா என்றேன். அவள் அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அவளுக்கு நான் குறை வைக்கமாட்டேன். இந்தப் பட்டறை அவளுக்குத்தான். என்னை நீங்கள் எங்கே கொண்டுபோவீர்களோ, அதற்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். யாரும் என்னைக் கெட்டவள் என்று சொல்ல முடியாது.

இப்போது அந்த வரியை அடியுங்கள். அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள். சத்தம் அடியிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். ராடு பேரிங் என்று தெரியும். வண்டி நின்றுபோகும், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது ஆகும் என்று தெரியும். தெரிந்தே சத்தத்தை அமுக்கினாள், தெரிந்தே விளக்கின் வயரைப் பிடுங்கினாள், தெரிந்தே தன் தம்பியை அதன்மேல் உட்காரவைத்து அனுப்பினாள். எழுதுங்கள். தயங்க வேண்டாம். இதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், நான் குனிந்து நிற்கமாட்டேன், நிமிர்ந்துதான் வாங்கிக்கொள்வேன். கொன்றவள் என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். காது கேட்காதவள் என்று எழுதினால் போடமாட்டேன்.

என்ன? இன்னொரு தடவை சொல்லுங்கள்.

துகளைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டதா, பின்னால் கேட்டதா என்கிறீர்களா? அதில் என்ன வித்தியாசம்? முன்னாலும் கேட்டிருக்கும். அன்று கவனிக்கவில்லை. பார்த்த பிறகு நன்றாகக் கேட்டது. கண்ணால் பார்த்துத்தானே தெரிந்துகொண்டீர்கள் என்று நீங்கள் மடக்கப் பார்க்கிறீர்கள். வயதில் சின்னவர், உங்கள் வேலை அது, நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்தத் தெருவில் போய்க் கேளுங்கள். எத்தனை வண்டி, எத்தனை வருஷம், ஒரு எழுத்தாவது அழித்தேனா என்று கேளுங்கள். அந்த டயரும் எரிந்துவிட்டது என்றீர்கள். எழுத்தைத் தீ அழித்திருக்கிறது, நான் அழிக்கவில்லை.

உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்றால் ஒன்று சொல்கிறேன். வாசலில் உங்கள் ஜீப் நிற்கிறது. நீங்கள் வந்து உட்கார்ந்ததிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். டிக்கு டிக்கு என்று விடாமல் அடிக்கிறது. இந்தச் சுவருக்கு அப்பாலிருந்து, இத்தனை விசிறி இரைச்சலுக்கு நடுவில் எனக்குக் கேட்கிறது. யாருக்குக் கேட்கும் சொல்லுங்கள். தலைப்பக்கத்துச் சத்தம்தான். இலேசாக, தையல் மிஷின் மாதிரி. பயப்பட வேண்டாம், நீங்கள் தாராளமாக ஓட்டிக்கொண்டு போகலாம். அந்தச் சாக்பீஸை எடுங்கள், போகும்போது டயரில் எழுதித் தருகிறேன்.

அணைத்திருக்கிறதா? வந்ததுமே அணைத்துவிட்டீர்களா? சாவி உங்கள் பையிலேயே இருக்கிறதா?

சரி. அணைத்தே இருக்கட்டும். டேப்பெட்தான் ஐயா.